கரியமில வாயுக் கருவி இல்லாத சிறிய மீன் தொட்டியில் எந்த உயிர்ச் செடிகள் தாக்குப்பிடிக்கும்?

உங்களிடம் இருப்பது அறுபது லிட்டர் நன்னீர்த் தொட்டி, அதனுடன் வந்த எல்இடி விளக்கு, ஒரு சிறிய வடிகட்டி. கரியமில வாயு செலுத்தும் கருவி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை செடி வைத்து அழுகிப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை என்ன வைப்பது என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கமும் நடுவிலும் கிரிப்டோகோரைன் வெண்ட்டி நான்கைந்து, மரக்கட்டையில் கட்டுவதற்கு அனுபியாஸ் நானாவும் ஜாவா ஃபெர்னும், பின்பக்கம் வாலிஸ்னேரியா, மேலே மிதக்க ஒரு கைப்பிடி ஃப்ராக்பிட். இவற்றோடு முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் ஹார்ன்வோர்ட், அதுவும் தாராளமாக. பல ஆண்டுகளாக இத்தகைய தொட்டிகளையே வைத்துவரும் நான், புதிதாகத் தொடங்குபவர் எவருக்கும் இந்தப் பட்டியலிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஆனால் காரணம் தெரியாமல் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றாவது முறையும் அழுகிப்போகலாம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செடி வாடத் தொடங்கியதும் நம் கை முதலில் விளக்கின் பக்கம்தான் போகிறது. வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று நேரத்தைக் கூட்டுகிறோம், இன்னொரு விளக்கு வாங்கி வைக்கிறோம். உங்கள் தொட்டி போன்றவற்றில் பெரும்பாலும் தட்டுப்பாடு வெளிச்சத்தில் இல்லை, கரியமில வாயுவில்தான். காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே அது கரைந்திருக்கும். மீன்களின் மூச்சும் நுண்ணுயிர்களின் வேலையும் சேர்ந்து அதைச் சில மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தலாம். கருவி வைத்துச் செலுத்துபவர்கள் குறிவைப்பதோ ஏறக்குறைய 30 மில்லிகிராம். போதாக்குறைக்கு, அந்த வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்ததைச் செடி உறிஞ்சிவிட்டால் அடுத்தது வந்து சேரத் தாமதமாகும்.

வெளிச்சம் என்பது செடிக்குக் கொடுக்கும் வேலை. கரியமில வாயு அதற்குக் கொடுக்கும் சாப்பாடு. சாப்பாட்டைக் கூட்டாமல் வேலையை மட்டும் ஏற்றினால் செடியால் செய்ய முடியாது. மிச்சமாகும் வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஆகவே நாளுக்கு ஆறு மணி நேரம் வெளிச்சத்தோடு தொடங்குங்கள், எட்டைத் தாண்ட வேண்டாம். விளக்குக்கு ஒரு டைமர் போட்டுவிடுங்கள். இருக்கும் கொஞ்ச வாயுவைக் கொண்டு வாழத் தெரிந்த செடிகளாகப் பார்த்து எடுப்பதுதான் இந்தத் தேர்வின் உயிர்நாடி. அப்படி வாழ்வதற்கு ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு வழியை வைத்திருக்கிறது.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மெதுவாக வளர்வதையே வழியாகக் கொண்டவை. முன்னது ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரைகளிலும் பின்னது தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் ஓடைப் பாறைகளிலும் நிழலில் வளர்வன. மாதத்துக்கு ஓர் இலை, இரண்டு இலை விட்டாலே அனுபியாஸ் நன்றாக இருக்கிறது என்று பொருள். இவற்றை வைப்பதில் ஒரே ஒரு விதிதான்: இலைகளையும் வேர்களையும் இணைத்துக்கொண்டு இஞ்சிபோல் கிடைமட்டமாக ஓடும் அந்தத் தண்டை மணலில் புதைக்கக் கூடாது. நான் முதன்முதலில் வாங்கிய அனுபியாஸை, செடி என்றால் நடத்தானே வேண்டும் என்று சரளைக்குள் ஆழமாக நட்டேன். ஐந்தாறு வாரம் இலைகள் கரும்பச்சையாக அப்படியே இருந்தன. ஒருநாள் சுத்தம் செய்யும்போது ஓர் இலையை லேசாகத் தொட்டேன். காம்போடு கையில் வந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் தண்டு பழுப்பாகி, விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்குக் கொழகொழத்து, சாக்கடை வாடை அடித்தது. மேலே இலை பச்சையாக இருந்த அத்தனை நாளும் கீழே செடி செத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து நூலால் மரக்கட்டையில் கட்டுகிறேன், அல்லது சயனோஅக்ரிலேட் பசையை ஒரு சொட்டு வைத்துக் கல்லில் ஒட்டுகிறேன். உலர்ந்தபின் அந்தப் பசை மீன்களுக்குத் தீங்கு செய்வதில்லை. சில மாதங்களில் வேர்கள் தாமே கட்டையைப் பற்றிக்கொள்ளும்.

மெதுவாக வளரும் இலை நெடுநாள் இருக்கும் என்பதால் அதன்மேல் பாசி படியவும் நெடுநாள் கிடைக்கிறது. எனவே அனுபியாஸை விளக்கின் நேர் கீழே வைக்காமல் மரக்கட்டையின் நிழலிலோ மிதக்கும் செடிகளின் நிழலிலோ வையுங்கள். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கரும்புள்ளிகள் எழுந்தால் பதற வேண்டாம், அது நோயன்று, வித்துத் தூள் உருவாகும் இடம். இலையின் ஓரத்திலேயே சின்னஞ்சிறு குட்டிச் செடிகள் முளைத்து வேரைத் தொங்கவிடும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் கிள்ளி எடுத்து வேறொரு கல்லில் கட்டலாம்.

வாலிஸ்னேரியாவின் வழி வேறு. நீரில் கரைந்த வாயு போதாவிட்டால், அதே நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்னும் உப்பிலிருந்து கரிமத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. ஹார்ன்வோர்ட், ஹைட்ரில்லா, எகேரியா ஆகியவற்றுக்கும் உண்டு. எல்லா நீர்ச்செடிகளுக்கும் இது கைவராது. பாசிபோல் படரும் மாஸ் வகைகளுக்கு இந்தத் திறன் இல்லை. இந்தப் பைகார்பனேட் பெரும்பாலும் மிகுந்திருக்கும் நீரைக் கடின நீர் என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். கருவி இல்லாத தொட்டிக்காரருக்கு அந்தக் கடினத்தன்மையே ஒரு கரிமக் கிடங்கு. ஒரே செடி ஒருவர் வீட்டில் காடாக மண்டுவதற்கும் இன்னொருவர் வீட்டில் கரைந்துபோவதற்கும் பல நேரங்களில் இதுதான் காரணம், கைராசி அல்ல. செடி வாங்கும் முன், பைகார்பனேட் எவ்வளவு என்று காட்டும் கார்பனேட் கடினத்தன்மையை அளந்துகொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சொட்டு மருந்துபோல் விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சிறிய சோதனைக் குப்பி போதும்.

வாலிஸ்னேரியாவை நடும்போது இலை தொடங்கும் வெண்ணிறக் கழுத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். முதல் ஒரு மாதம் அழுதுவடியும், பிறகு ஓடுதண்டுகளை நாலாபக்கமும் அனுப்பிவிடும். ஓர் எச்சரிக்கை: ‘திரவக் கார்பன்’ என்ற பெயரில் விற்கப்படும் குப்பிகளில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு என்னும் கிருமிநாசினி. அதை ஊற்றினால் வாலிஸ்னேரியா கரைந்துவிடக்கூடும். உங்கள் தொட்டிக்கு அது தேவையே இல்லை.

மிதக்கும் செடிகள் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானவை. இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுப் பஞ்சமே அவற்றுக்குத் தெரியாது. நீரில் சேரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் வேர்களால் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃப்ராக்பிட்டின் தொங்கும் வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகள் ஒளிந்து விளையாடுவதைப் பார்ப்பது தனிச் சுகம். வடிகட்டியின் நீர் அவற்றின் தலையில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இலையின் மேற்பரப்பு நனைந்துகொண்டே இருந்தால் அழுகும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடாமல் வாரம் ஒருமுறை அள்ளி எடுங்கள். பொட்டுப்போல் இருக்கும் டக்வீடை மட்டும் தெரிந்தே சேர்க்காதீர்கள், பிறகு அதைத் தொட்டியிலிருந்து முழுதாக நீக்குவது பெரும்பாடு.

இப்போது கிரிப்டோகோரைன். எனக்கு மிகவும் பிரியமான செடி இது, பலர் அவசரப்பட்டுத் தூக்கியெறிவதும் இதைத்தான். வெண்ட்டி வகை இலங்கையின் ஓடைகளுக்கே உரியது. நட்ட ஒன்றிரண்டு வாரங்களில் இதன் இலைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெலிந்து, ஓரம் பழுத்து, கூழாகிக் கரைந்துவிடும். பார்ப்பவருக்குச் செடி போய்விட்டது என்றே தோன்றும். நானும் முதல் முறை அப்படி நினைத்துப் பிடுங்கியெறிந்தேன். பிடுங்கியபோது வேர்கள் வெள்ளை வெளேரென்று விறைப்பாக இருந்ததைக் கவனித்தேன், ஆனாலும் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த முறை கரைந்த இலைகளை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, வெறும் மணலாகத் தெரிந்த இடத்தைத் தொடாமல் விட்டேன். இருபது நாள் கழித்து, சுருட்டி வைத்த பாய்போல ஒரு பழுப்பு நுனி, அரிசி மணி அளவில், மணலைப் பிளந்துகொண்டு வந்தது. அது விரிந்தபோது அகலம், நிறம் எல்லாமே பழைய இலையிலிருந்து வேறாக இருந்தது. என் தொட்டியின் நீருக்கென்றே அந்தச் செடி செய்துகொண்ட இலை அது.

உங்கள் செடிகள் அழுகிய கதையிலும் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம். நாற்றுப் பண்ணைகளில் பெரும்பாலான தொட்டிச் செடிகளை இலைகள் நீருக்கு மேலே இருக்கும்படியே வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தால் வேகமாக வளரும், பாசியும் பிடிக்காது. காற்றில் வளர்ந்த அந்த இலைகள் நீருக்குள் அதிக நாள் உழைக்கா. செடி அவற்றை உதிர்த்துவிட்டு நீர் இலைகளை விட வேண்டும். எனவே பழைய இலைகளை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். புதிதாக வரும் இலை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். புது இலை நலமாக வந்தால் பழையது எப்படிப் போனாலும் கவலையில்லை. நட்ட இடத்திலிருந்து மாற்றி மாற்றி வைப்பதும் கூடாது, கிரிப்டோகோரைன் அதைப் பொறுத்துக்கொள்ளாது.

ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது, நட வேண்டியதில்லை. மிதக்கவிடுங்கள். அது வந்த புதிதில் ஊசி இலைகளை உதிர்த்துக் குப்பை போடும், பிறகு வாரத்துக்குப் பல அங்குலம் வளரும். அந்த வேகம்தான் நமக்கு வேண்டும். புதிய தொட்டியில் சத்துகள் நிலைப்படாமல் இருக்கும் முதல் மாதங்களில், பாசிக்கு முன்பே அவற்றை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மெதுவான செடிகளை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டுவிட்டு, பாசி வந்துவிட்டதே என்று வருந்துபவர்களை நிறையப் பார்க்கிறேன். முதல் நாளே அடித்தளத்தில் பாதியாவது செடியாக இருக்கட்டும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்க்கும் குட்டை இலைப் பச்சைக் கம்பளம், ஹெமியாந்தஸ் போன்றவை, கருவி இல்லாமல் பெரும்பாலும் மஞ்சளித்துப் பிய்ந்து மிதக்கும். செக்கச்செவேலென்ற ரொட்டாலா மேக்ராண்ட்ராவும் அப்படியே. சிவப்பு வேண்டுமென்றால் பழுப்புச் சிவப்பு கிரிப்டோகோரைனோடு மனநிறைவு கொள்வது நல்லது. அமேசான் வாள் செடி எளிதில் வளரும், ஆனால் அரை மீட்டர் உயரத்துக்கு விரியும், அறுபது லிட்டருக்குள் அடங்காது. லக்கி பாம்பு, மாண்டோ புல், ஸ்பாத்திஃபில்லம் ஆகியவற்றை நீர்ச்செடி என்று சொல்லி விற்பதுண்டு. அவை தரைச் செடிகள். முழுக்க மூழ்கடித்தால் சில மாதம் பச்சையாக இருந்துவிட்டு அழுகும். தெரியாமல் வாங்குபவரிடம் இப்படி விற்பது எனக்கு உண்மையாகவே கோபமூட்டும் விஷயம்.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாக: கிரிப்டோகோரைன் வேரால் உண்ணும் செடி, சாதாரண மணலில் நட்டால் அதன் அருகே சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு வேர் உர மாத்திரையைப் புதைத்து வையுங்கள். மற்றவற்றுக்கு எல்லாச் சத்தும் கலந்த திரவ உரத்தை, குப்பியில் சொன்னதில் பாதி அளவில், வாரம் ஒருமுறை. பழைய இலைகளில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம் குறைவு என்றும், புதிய இலை வெளிறினால் இரும்புச் சத்துக் குறைவு என்றும் முதலில் சந்தேகப்படுங்கள்.

வாங்கி வந்ததும் ஈயப் பட்டையையும் வேரைச் சுற்றிய பஞ்சையும் நீக்கிக் கழுவி, வெளிச்சமுள்ள இடத்தில் ஒரு வாளி நீரில் ஒரு வாரமாவது வைத்து, நீரைத் தினம் மாற்றுங்கள். இறால் வளர்ப்பதானால் இதைத் தவிர்க்கவே கூடாது, பண்ணையில் தெளித்த பூச்சிமருந்து மிச்சமிருந்தால் மீன் பிழைத்தாலும் இறால் பிழைக்காது. கூடவே வரும் சிறு நத்தைகளால் கெடுதல் இல்லை. கத்தரித்த செடிகளையும் அள்ளிய ஃப்ராக்பிட்டையும் குளத்திலோ வாய்க்காலிலோ போடாமல் வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். தொட்டிச் செடிகள் ஆறு குளங்களில் பரவி உள்ளூர்ச் செடிகளை அழித்த இடங்கள் உலகில் ஏராளம்.

உங்கள் நீரின் கார்பனேட் கடினத்தன்மையை அளந்து கீழே எழுதுங்கள். மூன்று நான்கு டிகிரிக்கும் குறைவாக இருந்தால் பின்பக்கத்துக்கு வாலிஸ்னேரியாவை விட்டுவிட்டு ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவை வைக்கச் சொல்வேன். தங்கமீன் வளர்க்கிறீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள். ஆம் என்றால் அவை மென்மையான இலைகளை மேய்ந்துவிடும், அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.