சம்பளம் பெங்களூருவில், வீடு எங்கே?

கேள்வி: மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாதம் 48,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. சொந்த வீடு, ஐந்து வயதில் ஒரு மகள். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஆண்டுக்கு 12 லட்சம் சி.டி.சி. என்று ஒரு வேலை வந்திருக்கிறது. மே மாதம் சேரச் சொல்கிறார்கள். குடும்பத்தோடு போய்விடலாமா? கிளம்பும் முன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

பதில்: 12 லட்சத்தை 12-ஆல் வகுத்து, மாதம் ஒரு லட்சம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தால் முதலில் அதை அழித்துவிடுங்கள். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, வேலைத்திறனைப் பார்த்துத் தரும் ‘வேரியபிள்’ பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வேரியபிள் 1,20,000, நிறுவனம் கட்டும் பி.எஃப். 72,000, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் 29,000. இவை மூன்றும் மாதச் சம்பளத்தில் வராது. மீதியில் உங்கள் பங்கு பி.எஃப். 72,000 பிடிப்பார்கள். கர்நாடகத் தொழில்வரி ஆண்டுக்கு 2,500. புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம். எல்லாம் போக மாதம் 75,000 ரூபாய் கைக்கு வரும். பி.எஃப். பிடித்தத்தை மாதம் 1,800 என்ற வரம்போடு நிறுத்தும் நிறுவனமானால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒப்புக்கொள்ளும் முன் மாதச் சம்பளப் பிரிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து 66,000 வாங்குகிறீர்கள், வாடகை கிடையாது. அங்கே 75,000, அதில் வாடகை போக வேண்டும், மனைவியின் வேலையும் போயிருக்கும். வாடகைக்கு முன்பே வித்தியாசம் வெறும் 9,000. மதுரை வீட்டை வாடகைக்கு விட்டால் கொஞ்சம் வரும்தான். ஆனாலும் உங்கள் கணக்கின் அச்சாணி உங்கள் சம்பளமல்ல, மனைவிக்கு அங்கே வேலை கிடைக்குமா என்பதுதான். நல்ல பள்ளிகளில் ஆசிரியர் நேர்முகத் தேர்வு பெரும்பாலும் கல்வியாண்டு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். மே மாதம் போய் இறங்கித் தேடினால், யாராவது பாதியில் விலகிய இடம்தான் மிஞ்சும்.

அடுத்தது அட்வான்ஸ். பெங்களூருவில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது ஐந்தாறு மாதத்துக்குப் பல இடங்களில் இறங்கி வருகிறார்கள். இரண்டு மாதம் போதும் என்று மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் சொல்கிறது; சந்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாடகை 25,000 என்று வையுங்கள். ஆறு மாத அட்வான்ஸ் 1,50,000, முதல் மாத வாடகை 25,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 25,000. லாரி ஏறும் முன்பே இரண்டு லட்சம். மாதக் கடைசியில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம். ஆகவே இரண்டு மாதச் செலவைத் தனியாகக் கையில் வைத்திருங்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே ஊர் வழக்கம். பதினோரு மாதத்தில் வீடு மாற்றினால் பெயின்ட் 25,000, புரோக்கர் 25,000, இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 4,500-க்கு மேல் ஏறும். 25,000 வாடகை என்று நீங்கள் நினைத்தது 29,500 ஆகிவிடும், பராமரிப்புக் கட்டணம் தனி. அதனால் முதல் வீட்டை அவசரத்தில் பிடித்து, ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பதுதான் விலை கூடிய வழி. ஒப்பந்தத்தில் பெயின்டுக்கு உச்சவரம்பு, காலி செய்ய எத்தனை நாள் நோட்டீஸ், ஆண்டு வாடகை உயர்வு எத்தனை சதவீதம், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், மோட்டார் பழுதானால் செலவு யாருடையது என்ற ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும். அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், மின் மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

வாடகை வேண்டாம், ‘லீஸ்’ போடுங்கள் என்று ஒருவராவது சொல்வார். நம் பக்கத்து ஒத்தி மாதிரிதான்: பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. அந்த வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை நின்றுபோனால், வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும். நீங்கள் கொடுத்த பணத்துக்காக வங்கி காத்திருக்காது. கர்நாடகப் பதிவுத்துறையின் ‘காவேரி’ தளத்தில் வில்லங்கச் சான்று எடுக்காமல், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் லீஸ் வேண்டாம். வீட்டுக்காரரை விட்டுவிட்டு நடுவில் ஓர் ஏஜென்சி பணம் வாங்குகிறது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீடு எங்கே? 2025 ஆகஸ்ட் முதல் மஞ்சள் தட மெட்ரோ ஆர்.வி.ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை ஓடுகிறது, 19 கி.மீ., 16 நிலையங்கள். இந்தத் தடத்தில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடையில் வீடு கிடைத்தால், சில்க் போர்டு நெரிசல் உங்கள் கவலை இல்லை. தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், தமிழ்ச் சங்கமும் பக்கத்தில் என்று அல்சூரில் வீடு பார்க்க ஆசை வரலாம். அங்கிருந்து அலுவலகம் போக மெஜஸ்டிக்கில் ஒரு முறை, ஆர்.வி.ரோட்டில் ஒரு முறை என இரண்டு தடவை ரயில் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அல்சூர் நல்லது, திங்கட்கிழமைக்கு ஆகாது. ‘அடுத்த வருஷம் இங்கேயும் மெட்ரோ வந்துரும் சார்’ என்ற புரோக்கர் வாக்கை நம்பி வீடு பிடிக்காதீர்கள். மஞ்சள் தடமே பல கெடுக்களைத் தாண்டித்தான் ஓடத் தொடங்கியது. வீடு பார்த்த கையோடு, ஒரு செவ்வாய் அல்லது புதன் காலை எட்டரைக்கு அங்கிருந்து அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். சனி, ஞாயிறு பார்த்த நேரம் கணக்கில் சேராது.

இனி தண்ணீர். வாடகையைவிட இதைத்தான் துருவிக் கேட்க வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரி நீரைச் சுமார் 100 கி.மீ. தூரத்திலிருந்து மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம் நகரோடு இணைந்த 110 கிராமங்களுக்கானது. அவற்றில் சேராத, எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டிய ஹெப்பகோடி, சந்தாபுரா பக்கம் போர்வெல்லும் லாரித் தண்ணீரும்தான் பெரும்பாலும் கதி.

‘காவிரி கனெக்‌ஷன் இருக்கு’ என்றால் போதாது. குடிநீர் வாரிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வருகிறது என்று மேல்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குளியலறைக் குழாயில், டைல்ஸில் வெள்ளைப் பொருக்கு ஏறியிருந்தால் போர்வெல் உப்புத் தண்ணீர். கெய்சர், வாஷிங் மெஷின் இரண்டுமே அதில் சீக்கிரம் போகும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் மூன்று பேருக்கு 405. எட்டுக் குடித்தனம் உள்ள கட்டடத்தில் 12,000 லிட்டர் லாரி நான்கு நாள்கூடத் தாங்காது. ‘சம்ப்’ எனும் தரையடித் தொட்டி அதற்குச் சிறியதாக இருந்தாலோ, தெரு குறுகலாக இருந்தாலோ 6,000 லிட்டர் லாரிதான் வரும், லிட்டர் விலையும் கூடும். 2024 தட்டுப்பாட்டில் மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலையே ஐந்து கி.மீ.க்குள் 6,000 லிட்டருக்கு 600, 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஏப்ரல் மாதம் வாரத்துக்கு எத்தனை லாரி வந்தது, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடக்கமா, தனியா?

மழைக்கும் ஒரு கண் வையுங்கள். ஏரியையும் ராஜகாலுவே எனும் மழைநீர்க் கால்வாயையும் ஒட்டிய தாழ்வான இடங்கள்தான் 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கமும் 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட்டிலும் மூழ்கின. தரைத்தள வீடானால் காம்பவுண்டுச் சுவரில் பழைய நீர்க்கறை தெரிகிறதா என்று பாருங்கள்.

உங்கள் நிலைமைக்கு இன்னொரு வழியும் உண்டு: ஓசூர். மஞ்சள் தடம் முடியும் பொம்மசந்திராவிலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ., நேர்ச்சாலை. வாடகையும் அட்வான்ஸும் குறைவு. மகளுக்குப் பள்ளியில் தமிழ் தொடரும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வண்டிப் பதிவு எல்லாம் தமிழ்நாட்டிலேயே இருக்கும். உங்கள் மனைவிக்கு வேலை தேடும் இடமும் பழக்கமான பாடத்திட்டமாக இருக்கும். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஓசூரில் நின்று மதுரை போகிறது. குறை என்னவென்றால் தினசரிப் பயணம்: அத்திப்பள்ளி எல்லையிலும் தொழிற்பேட்டைச் சந்திப்புகளிலும் காலை, மாலை நெரிசல் கடுமை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் என்றால் ஓசூரே சரி. ஐந்து நாளும் என்றால், இரவு ஷிஃப்ட் உண்டா, நிறுவன வாகனம் எல்லை தாண்டி வருமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பெங்களூருக்குள்தான் என்றால் பள்ளி விஷயம். பெயர் பெற்ற பள்ளிகளில் சேர்க்கை முந்தைய ஆண்டு இறுதியிலேயே தொடங்கிவிடும். ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது கர்நாடக விதி, தளர்வுகளும் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஐந்து வயதில் சேர்ப்பதால், இங்கே ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளையை அங்கே மறுபடி யு.கே.ஜி.யில் உட்காரச் சொல்லலாம். 2015 சட்டப்படி கன்னடம் கட்டாயப் பாடம். ஐந்து வயதில் அது பாரமே இல்லை. பத்து வயதில் போயிருந்தால்தான் திண்டாட்டம்.

சில்லறை விஷயங்கள். பைக்கை அங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மதுரை ஆர்.டி.ஓ.வில் தடையின்மைச் சான்று வாங்கி, கர்நாடக வாழ்நாள் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். எல்லை தாண்டிய தேதிக்கு ஆதாரம் வைத்திருங்கள். பெண்களுக்கான இலவச பஸ் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். மதுரை ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். மின்கட்டணம் மாதாமாதம். வாடகைதாரரும் ‘கிருக ஜோதி’ இலவச மின்சாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வீட்டுக்குத் தனி மீட்டர் வேண்டும், முந்தைய குடித்தனக்காரர் தன் ஆதாரை அந்த மின் இணைப்பிலிருந்து நீக்கியிருக்கவும் வேண்டும்.

எங்கள் யோசனை: மே மாதம் நீங்கள் மட்டும் போங்கள். அலுவலகம் பக்கத்தில் மூன்று மாதம் பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதி) இருந்துகொண்டு, தகுதிகாண் காலம் எப்படிப் போகிறது, உண்மையில் வாரத்துக்கு எத்தனை நாள் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மனைவி மதுரை வேலையை விட வேண்டாம். மகள் இந்த ஆண்டு அதே பள்ளியில் படிக்கட்டும். டிசம்பருக்குள் ஓசூரா பெங்களூரா என்று முடிவு செய்தால், அடுத்த ஜூனுக்குப் பள்ளி இடமும் மனைவிக்கு வேலையும் தேட அவகாசம் இருக்கும். பி.ஜி.யில் சேரும்போது, காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் பணம் அனுப்ப வேண்டாம். ‘பணம் உங்களுக்கு வர இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று யாராவது சொன்னால், போகப்போவது உங்கள் பணம். இடமாற்றப் படி தருவதாக நிறுவனம் சொல்லியிருந்தால், குடும்பம் பிறகு வரும்போதும் அது செல்லுமா, எத்தனை மாதக் கெடு என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லாரி பில் உங்கள் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்கட்டும்.