ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யத்தான் வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினிப் பராமரிப்பு குறித்துச் சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலைப்பகுதியிலிருந்தும் வந்த கேள்விகளில் பல 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' எனப்படும் மென்பொருள்களைப் பற்றியவையாக இருந்ததால், அவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இயங்கும் எந்தக் கணினிக்கும் இந்த மென்பொருள் தேவையில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் பதில்களில் உள்ளன.

இலவசமாக இறக்கிய மென்பொருள் ஒன்று, என் கணினியில் 1,247 ரெஜிஸ்ட்ரி பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. அவற்றைச் சரிசெய்யப் பணம் கேட்கிறது. கட்டலாமா?
(செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசுப் பட்டறை நடத்தும் வாசகர்)

கட்ட வேண்டாம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதில் நிறுவிய மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் தரவுத்தளம். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற இடத்தில் சில கோப்புகளாகவும், ஒவ்வொரு பயனருக்கும் தனியாக என்டியூசர்.டாட் என்ற கோப்பாகவும் அது வட்டில் இருக்கிறது. சில ஆண்டுகள் பயன்படுத்திய கணினியில் இதில் லட்சக்கணக்கான பதிவுகள் சேர்ந்திருக்கும்.

அந்த 1,247 'பிழை'களின் பட்டியலை விரித்துப் பாருங்கள். நீக்கப்பட்ட பழைய பிரிண்டரின் பெயர், இப்போது இல்லாத கோப்புக்கான பாதை, எந்த மென்பொருளும் உரிமை கொண்டாடாத கோப்பு வகை போன்றவைதான் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்களைக்கூடச் சில மென்பொருள்கள் பிழைக் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. அவற்றை இன்று அழித்தாலும், நாளை நான்கு பில்களைத் திறந்ததும் மீண்டும் வந்துவிடும். இவற்றில் எதையும் விண்டோஸ் பிழையாகக் கருதுவதில்லை. யாரும் கேட்காதவரை அவை வெறுமனே கிடக்கும்.

'கிடப்பதால் வேகம் குறையாதா?' என்பது இதையொட்டி எழும் கேள்வி. அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறவர் எல்லாப் பக்கங்களையும் படிப்பதில்லை. அகர வரிசையைப் பிடித்துக்கொண்டு நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறார். விண்டோஸும் தனக்கு வேண்டிய பதிவைப் பாதை வழியாக நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் பதிவுகளை நீக்குவதால் மிச்சமாகும் இடமும் சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பில் போடும் மென்பொருளின் தரவை வெளி ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டிஸ்க் இணைக்கப்படாத நேரத்தில் கிளீனர் ஓடினால், அதிலுள்ள கோப்புகளைச் சுட்டும் பதிவுகள் அனைத்தும் அதன் கண்ணுக்கு 'கோப்பு இல்லாத பாதை'யாகவே தெரியும். மென்பொருள் அழிக்கும், நஷ்டம் உங்களுடையது.

பெயர் பெற்ற நிறுவனத்தின் கிளீனராக இருந்தால் பயமில்லைதானே?
(அழகாபுரம் வாசகர்)

பெயர் மட்டும் போதாது. உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள சிகிளீனர் என்ற கிளீனரின் 5.33 பதிப்பில் 2017ஆம் ஆண்டு தீம்பொருள் (மால்வேர்) நுழைக்கப்பட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பயனர்களின் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டும் 1990களில் ரெக்கிளீன் என்ற கருவியை வழங்கிப் பின்னர் விலக்கிக்கொண்டது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிப்பதில்லை என்றும், அவற்றால் பழுது நேர்ந்தால் விண்டோஸையே மறுபடி நிறுவ நேரலாம் என்றும் அந்நிறுவனம் பின்னர் அறிவித்திருக்கிறது.

எஸ்டேட் அலுவலகத்தில் உள்ள மடிக்கணினி, ஆன் செய்து வேலையைத் தொடங்கவே பத்து நிமிடம் ஆகிறது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். மாதந்தோறும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டியும் பயனில்லை. மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போவதும் காரணமாக இருக்குமா?
(ஏற்காடு, நாகலூர் வாசகர்)

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: பழைய ஹார்டு டிஸ்க். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் அதில் 'டிஸ்க்' என்ற பத்தியைப் பாருங்கள். அது 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தால், சுழலும் தட்டிலிருந்து படித்து எழுத முடியாமல் கணினி காத்துக்கிடக்கிறது என்று பொருள். ஹார்டு டிஸ்கை மாற்றி, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டைப் போட்டு, மடிக்கணினி இடம் கொடுத்தால் ரேமையும் 8 ஜிபி ஆக்குவதே இதற்கான மருந்து. எந்தக் கிளீனராலும் தர முடியாத வேகம் அதில் கிடைக்கும். அதுவரை டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய், கணினி எழும்போதே கூடவே எழும் தேவையற்ற மென்பொருள்களை டிசேபிள் செய்யுங்கள். இதுவும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவை மாற்றுகிற வேலைதான். ஆனால் எந்தப் பதிவை ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்து, வேண்டுமென்றால் திருப்பி மாற்றிக்கொள்ளும் வசதியோடு செய்கிறோம்.

கரண்ட் போவதைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான சந்தேகம். ரெஜிஸ்ட்ரிக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் அந்தக் கோப்பு அரைகுறையாக நிற்கக்கூடும் என்பதால், விண்டோஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் அருகிலுள்ள லாக் கோப்புகளில் முதலில் குறித்துவைத்து, அடுத்த முறை எழும்போது அதைக் கொண்டு சரிசெய்துகொள்கிறது. பெரும்பாலான மின்வெட்டுகளை இந்த ஏற்பாடே தாங்கிவிடும். ஆனால் வட்டே பழுதடையத் தொடங்கியிருந்தால் தாங்காது. மடிக்கணினியின் பேட்டரி உட்கார்ந்துபோய் நேரடி மின்சாரத்தில் ஓடுகிறது என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். மேசைக்கணினி என்றால் யு.பி.எஸ். வாங்குங்கள். இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளீனர் ஓட்டிய மறுநாள், சேலை டிசைன் போடும் மென்பொருள் திறக்கவில்லை. உரிமம் இல்லை என்கிறது. உரிமத்தைச் சரிபார்க்கக் கணினியில் செருகும் டாங்கிள் செருகித்தான் இருக்கிறது. என்ன செய்வது?
(இளம்பிள்ளை வாசகர்)

முதல் வேலையாக, அந்தக் கிளீனரை இன்னொரு முறை ஓட்டாதீர்கள். ஒரு பழுதைச் சரிசெய்ய அதே மென்பொருளை மறுபடி ஓட்டி, இருந்ததையும் இழந்தவர்கள் பலர். சில மென்பொருள்கள் தங்கள் உரிமக் குறிப்பை, வெளிப்பார்வைக்குப் பொருளற்றதாகத் தோன்றும் நீண்ட எண்ணெழுத்துப் பெயருள்ள பதிவுக்குள் வைப்பதுண்டு. கிளீனருக்கு அது அனாதைப் பதிவாகத் தெரிந்திருக்கலாம்.

பெரும்பாலான கிளீனர்கள் அழிப்பதற்கு முன் '.ரெக்' என முடியும் காப்புக் கோப்பு ஒன்றைச் சேமித்துக்கொள்ளும். கிளீனரின் 'பேக்கப்' அல்லது 'ரீஸ்டோர்' பகுதியிலோ டாக்குமென்ட்ஸ் கோப்புறையிலோ அந்த நாளின் கோப்பைத் தேடி, இருமுறை சொடுக்கி, வரும் எச்சரிக்கைக்கு 'யெஸ்' கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள். இந்தக் கோப்பு அழிந்த பதிவுகளைத் திரும்பச் சேர்க்குமே தவிர, இடையில் புதிதாகச் சேர்ந்தவற்றை நீக்காது. ஆகவே, உடனே செய்வது நல்லது.

அது இல்லையென்றால், விண்டோஸின் அமைப்புகளை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். முந்தைய தேதியிட்ட மீட்புப் புள்ளி இருந்தால் அதற்குத் திரும்பலாம்; உங்கள் டிசைன் கோப்புகள் அழியாது, ஆனால் அந்தத் தேதிக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். எதற்கும் டிசைன்களைப் பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். இதுவும் கைகொடுக்காவிட்டால் டாங்கிளின் டிரைவரையும் மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டும். உரிமம் திரும்ப வராவிட்டால் விற்றவரைத்தான் அழைக்க வேண்டும்.

விண்டோஸ் தானாக ரெஜிஸ்ட்ரிக்கு நகல் எடுத்து ரெக்பேக் என்ற கோப்புறையில் வைக்கும் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய செய்தி. விண்டோஸ் 10இன் 1803 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது. இப்போது அங்கே போய்ப் பார்த்தால் பூஜ்ய அளவுள்ள கோப்புகள்தான் இருக்கும். சிஸ்டம் ரீஸ்டோரும் பல கணினிகளில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. வேலை திரும்பியதும் 'சிஸ்டம் புரொடெக்ஷன்' பகுதிக்குச் சென்று சி டிரைவுக்கு அதை இயக்கிவையுங்கள்.

ஒரு மென்பொருளை நீக்கிவிட்டேன்; ஆனால் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலில் அதன் பெயர் போக மறுக்கிறது. இதற்காவது கிளீனர் வேண்டாமா?
(அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி)

இதற்கும் வேண்டாம். நீக்கும் வேலை பாதியில் நின்றதால் வருவது இது. மைக்ரோசாஃப்ட் தரும் 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால்' என்ற இலவசக் கருவியே பெரும்பாலும் சரிசெய்துவிடும். முடியாவிட்டால், ரெஜிஸ்ட்ரியைத் திருத்த விண்டோஸிலேயே உள்ள ரெஜ்எடிட்டைத் திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன் என்ற வரிசையில் இறங்கி, 'அன்இன்ஸ்டால்' என்ற கிளைக்குள் அந்த மென்பொருளுக்கு உரிய ஒரே பதிவைக் கண்டுபிடியுங்கள். அதன்மேல் வலது சொடுக்கி முதலில் 'எக்ஸ்போர்ட்', பிறகுதான் 'டெலீட்'. அக்கம்பக்கத்துப் பதிவுகளைத் தொட வேண்டாம்.

இணையத்தில் உலவும்போது, 'உங்கள் ரெஜிஸ்ட்ரி பழுதாகிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுக்க அறிவிப்பு வந்தது. அழைத்தேன். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.
(ஆத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, அது மோசடி. இணையப் பக்கம் ஒன்றால் உங்கள் ரெஜிஸ்ட்ரியைப் படித்துப் பார்க்கவே முடியாது. உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, அவர்கள் நிறுவச் சொன்ன செயலியை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசியச் சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

படித்தவர் ஏமாந்தோமே என்று வருந்த வேண்டாம். அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற நிறுவனத்தின் கடைகளில் நடந்த இலவசக் கணினிப் பரிசோதனை, தொடக்கத்தில் கேட்கப்பட்ட நான்கு குறைகளில் ஒன்று உண்டு என்று டிக் செய்தாலே தீம்பொருள் அறிகுறி இருப்பதாகக் காட்டியது என்று அந்நாட்டு வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2019இல் அந்நிறுவனமும் மென்பொருளை வழங்கிய நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டன.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'ரெஜிஸ்ட்ரி கிளீனிங்' என்று ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் போடுகிறார்கள். தறிப்பட்டறைக் கணினிக்கு இது அவசியமா?
(குகை வாசகர்)

அவசியமில்லை; அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, உங்கள் கணினிக்கு உண்மையில் தேவையான வேலையைக் கேட்டு வாங்குங்கள். தறி ஓடும் இடத்தில் பறக்கும் பஞ்சு, கேபினெட்டின் காற்றுத் துளைகளிலும் பிராசஸர் ஃபேனுக்கு அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கிலும் மெத்தைபோல் படிந்துவிடும். அது காற்றை அடைக்க, பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சேலத்துச் சித்திரை வெயிலில் இது இன்னும் மோசமாகும். காலையில் நன்றாக ஓடிய கணினி மதியத்துக்கு மேல் மந்தமாகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் ஆகியிருந்தால், பிராசஸரின் சூட்டை அந்தத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் மாற்றச் சொல்லுங்கள். வட்டின் ஆரோக்கியத்தைப் பரிசோதித்தார்களா, கணக்குகளின் காப்பு நகல் திறந்து பார்க்கப்பட்டதா என்பவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் உண்டா?
(ஓமலூர் வாசகர்)

ஆண்ட்ராய்டில் ரெஜிஸ்ட்ரியே கிடையாது. அப்படிச் சொல்லி வரும் செயலியை நிறுவாதீர்கள், நிறுவியிருந்தால் நீக்கிவிடுங்கள்.