பாயில் ஏன் பூ வளைவதில்லை? - கடிதம்

அன்பின் அக்காவுக்கு,

நான் திருகோணமலையில் ஆடை வடிவமைப்புப் படிக்கிறேன். போன கிழமை எங்கள் வகுப்பை நகரில் நடந்த துணி, கைப்பணிக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மருதமுனைக் கைத்தறி, பத்திக், பன்பாய், பனையோலைப் பெட்டி எல்லாம் இருந்தன. ஆசைதீரப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. பாயில் இருந்த கோலத்தைச் சட்டைத் துணியில் அச்சடிக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது. "இதெல்லாம் அம்மம்மா காலத்துச் சாமான், ஃபேஷனுக்கு என்னத்துக்கு?" என்கிறாள் தோழி. நான் அங்கே எதைப் பார்த்திருக்க வேண்டும்? அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

ஒரு மாணவி, உப்புவெளி

அன்பின் தங்கைக்கு,

நீங்கள் எடுத்த பன்பாய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் ஒரு வளைவாவது இருக்கிறதா? இருக்காது. முக்கோணம், சாய்சதுரம், படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் கோடு, அவ்வளவுதான். சாயத்தில் அவித்த பன் புல் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகிறது. ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே. அப்படிப் பின்னும்போது பூவும் படிப்படியாகத்தான் வரும். கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாயைப் பாருங்கள். அதைத் தறியில் நெய்கிறார்கள், ஆனாலும் அதில் வரும் யானையும் மானும் இதே மாதிரிக் கோணங்களால் ஆனவை. அந்தக் கலையை 2021இல் யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி பத்திக்குக்கு வாருங்கள், மெழுகால் கோலம் வரைந்து சாயத்தில் தோய்க்கும் துணி அது. சூடான மெழுகு ஓடும், ஆகவே கொடியும் அலையும் அங்கே இயல்பாக வரும். கூரான நேர்கோடு இழுப்பதுதான் பாடு. மெழுகு வெடித்த இடத்தில் சாயம் இறங்கி மயிரிழை போல ஓடியிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துணியிலும் அது வேறு மாதிரி. ஒரு பக்கம் மட்டும் நிறம் பளிச்சென்று இருந்து, திருப்பினால் வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் பத்திக் போல அச்சடித்த துணி. கண்காட்சியில் எதை எடுத்தாலும், கேட்டுவிட்டு, மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வேலை எப்படி நடந்தது என்பது அங்கேதான் தெரியும்.

கோலம் செய்முறையிலிருந்து பிறக்கிறது. நீங்கள் பார்த்திருக்க வேண்டியது அந்தச் செய்முறையை. பாயின் கோலத்தை மட்டும் உரித்தெடுத்துச் சட்டையில் அச்சடித்தால், அது அப்படி வந்த காரணம் போய்விடும். பின்னிய பெண்ணுக்கும் ஒரு சதம் போய்ச் சேராது. இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், உங்கள் மேல் அல்ல. படம் எடுப்பதைப் பார்ப்பது என்று நினைக்கப் பழக்கிவிட்டோமே, அதன் மேல்.

கைத்தறியில்தான் உங்கள் படிப்புக்கு நேரடியான பாடம் இருக்கிறது. வகுப்பில் நீங்கள் வெட்டிப் பழகுவது ஏறக்குறைய அறுபது அங்குல மில் துணியாக இருக்கும். கைத்தறித் துணி பெரும்பாலும் அதைவிட ஒடுக்கம், ஏனென்றால் தறியின் அகலத்துக்கு மேல் துணி வராது. அப்போ உங்கள் பட்டர்ன், அதாவது துணி வெட்ட வைக்கிற மாதிரித்தாள், அப்படியே அதில் உட்காராது. இரண்டு துண்டாகப் பிரித்து, தையல் எங்கே விழும் என்று யோசிக்க வேண்டும். கரையை வெட்டி எறியாமல் கைமுனைக்கோ கீழ்விளிம்புக்கோ வைத்தால் மடித்துத் தைக்கிற வேலையும் மிச்சம். இழை நெருக்கம் குறைந்த துணி வெட்டியவுடன் பிரியத் தொடங்கும். தையலுக்குக் கூட இடம் விடுங்கள். நூலின் இலக்கத்தையும் கேளுங்கள். இலக்கம் கூடினால் நூல் மெல்லிசு. நாற்பதில் நெய்ததும் எண்பதில் நெய்ததும் உடம்பில் ஒரே மாதிரி விழாது. இவ்வளவும் தெரிந்தால் கொப்பி தானாக நிறையும்.

தோழிக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். இலங்கை வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி, கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையங்களுக்கு வடிவமைத்துக் கொடுக்கத் தொடங்கியவர். சாதாரணத் தறியில் எளிதாக வருவது கோடும் கட்டமும். அவர் அவற்றை வைத்துக்கொண்டே நிறத்தில் விளையாடினார். பிறகு அது 'பேர்ஃபுட்' என்று உலகம் அறிந்த கைத்தறி நிறுவனமானது. தறியின் எல்லைக்குள் நின்று செய்த வேலை அது, அம்மம்மா காலத்துத் தறிதான்.

அடுத்த முறை போனால் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் இன்னொன்று கேளுங்கள்: "இதில் உங்களால் செய்ய முடியாதது எது?" கைவேலை செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஆசையாகப் பதில் சொல்வார்கள். அதில்தான் உங்களுக்கு வடிவமைக்க இடம் கிடைக்கும்.

சரி, அறிக்கை. நாற்பது படம் ஒட்ட வேண்டாம். கண்காட்சி இன்னும் நடந்தால் திரும்பப் போய் ஒரு சாறனோ ஒரு முழத் துண்டோ காசு கொடுத்து வாங்குங்கள். அகலத்தை அளந்து, நனைத்துக் காயவைத்து மறுபடி அளந்து, எவ்வளவு சுருங்கியது என்று எழுதுங்கள். அந்தத் துணியில் என்ன தைக்கலாம், என்ன தைக்க முடியாது என்று இரண்டு பக்கம் எழுதினால் போதும். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள், வாசிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா