ஊரில் நிற்கும் காருக்கு டிரிக்கிள் சார்ஜர்: குவைத்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, தக்கலைப் பக்கம் வீட்டுப் போர்ச்சில் விட்டுவந்த கார் இப்போது செல்ஃப் எடுக்கவில்லை என்று அப்பா போனில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டும் பேட்டரி இறங்கிவிட்டது. நிற்கும் வண்டியின் பேட்டரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் ஏற்றும் டிரிக்கிள் சார்ஜரை இங்கிருந்து வாங்கி அனுப்பலாமா, அல்லது வண்டியை விற்றுவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

விற்க வேண்டாம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், போர்ச்சில் நிற்கும் கார் ஆடம்பரம் அல்ல. நடுராத்திரியில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சாவியை வாங்கி, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஓட்டப்போகும் வண்டி அது. அந்த நேரத்தில் சாவியைத் திருப்பியதும் எடுக்க வேண்டும். அதை மனதில் வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஐந்து நிமிடம் ஓடவிடுவது ஏன் பலிக்கவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பூட்டி நிற்கும் காரிலும் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஐந்து நிமிடம் ஓடினால் அதில் பாதி திரும்ப ஏறினாலே பெரிது. சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, ஒன்றும் செய்யாமல் விட்டால், மாதம் முடியும் முன்பே பாதிக்குக் கீழே போய்விடும். போதாததற்கு, சூடேறாத எஞ்சினை அணைத்து அணைத்து சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். அப்பாவை அந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். யாராவது வாரம் ஒருமுறை மார்த்தாண்டம் வரைக்கும் போய்வர ஓட்டுவார்கள் என்றால் அது வேறு. டயருக்கும் பிரேக்குக்கும்கூட அது நல்லது. அப்படி ஆள் கிடைப்பது அரிது.

ஆகவே சார்ஜர்தான். ஆனால் டிரிக்கிள் சார்ஜர் என்று கேட்டால் கடையில் இரண்டு விதம் எடுத்து வைப்பார்கள். ஒன்று பழைய வகை. பேட்டரி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரிக்குள் போகும் அந்த மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும், தண்ணீர் வற்றித் தட்டுகள் வெளியே தெரியும், பேட்டரி வெந்துபோகும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கி மாதக்கணக்கில் மாட்டி வைக்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது தானியங்கி மெயின்டெய்னர். 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, நிறைந்ததும் 13.5 வோல்ட் பக்கம் இறங்கி, கசிவதை மட்டும் நிரப்பிக்கொண்டிருக்கும். பராமரிப்புக்கு ஒன்று அல்லது இரண்டு ஆம்பியர் போதும்.

இங்கே குவைத்தில், ஷுவைக் பகுதியின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். இங்கும் ஊரிலும் ஒரே 50 ஹெர்ட்ஸ், 230–240 வோல்ட் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். வாங்கும்போது இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள்: கரன்ட் போய்த் திரும்ப வந்தால் அது தானாக வேலையைத் தொடங்குகிறதா? சில மாடல்களில் மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். அடிக்கடி கரன்ட் போய்வரும் நம் ஊரில் அப்படிப்பட்டது எதற்கும் உதவாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது மாவட்டமே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நாள்களில்தான் வண்டி அதிகம் தேவைப்படும். நிறைந்த பேட்டரி அதைத் தாங்கும், பாதியில் நிற்கும் பேட்டரி தாங்காது.

சார்ஜர் போய்ச்சேரும் வரை காத்திருக்காமல், இறங்கிய பேட்டரியை இப்போதே பேட்டரி கடைக்குக் கொடுத்து மெதுவாக சார்ஜ் ஏற்றி, லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். சார்ஜ் ஏற்றி ஒரு ராத்திரி சும்மா வைத்தபிறகு 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12.4க்குக் கீழே நாள்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தட்டுகளில் சல்ஃபேட் படிகம் கெட்டியாகிவிடும். பிறகு எந்தச் சார்ஜரும் முழுதாக மீட்காது.

மாட்டும் விதம். ஒவ்வொரு முறையும் பானட்டைத் திறந்து கிளிப்பைக் கடிக்க விடுவது வயதான கைகளுக்கு ஏற்ற வேலை அல்ல. சார்ஜரோடு வளையம் வைத்த ஒரு சின்ன ஒயர் வரும், நடுவில் ஃபியூஸ் இருக்கும். சிவப்பைப் பாசிட்டிவ் டெர்மினலிலும், கறுப்பைப் பேட்டரியில் அல்லாமல் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் ஒரு போல்ட்டிலும் மெக்கானிக்கைக் கொண்டு ஒரேயடியாக முறுக்கிவிடுங்கள். நெகட்டிவ் முனையில் பேட்டரியின் நிலையை அளக்கும் சென்சார் வைத்த புதிய கார்களுக்கு இதுவே சரியான முறை. ஒயரின் மறுமுனையை முன் கிரில் வழியாக வெளியே விட்டால், அப்பா சொருகவும் உருவவும் மட்டும் செய்தால் போதும். ஸ்டீயரிங்கில் 'சார்ஜர் மாட்டியிருக்கிறது' என்று ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். அவசரத்தில் வரும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது தெரிய வேண்டும்.

கடற்காற்று அடிக்கும் குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும். தக்கலையில் அவ்வளவு இராது. இருந்தாலும் மெக்கானிக் வரும்போது வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, வாசலின் தடவச் சொல்லுங்கள். ஐப்பசி மழை போர்ச்சுக்குள் சாய்ந்து அடிக்கும். சார்ஜர் தரையில் கிடக்கக் கூடாது. சுவரில் ஆணியில் தொங்கட்டும். அந்த பிளக் பாயின்டுக்கு எர்த் இருக்கிறதா, வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், மழை விட்டதும் மறக்காமல் மாட்ட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு சிக்கல் வரும். ராத்திரி படுக்கப்போகும் முன் வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுப்பது நம் அப்பாக்களின் வாழ்நாள் பழக்கம். போர்ச் சுவிட்சும் அதில் போய்விடும். கோபப்படாமல் கணக்கைச் சொல்லுங்கள்: பராமரிப்பு நிலையில் ஐந்து வாட் இழுத்தாலும் மாதம் முழுக்க 3.6 யூனிட்தான். சார்ஜரில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்து வாரம் ஒருமுறை போனில் சொல்லச் சொன்னால் அவரே அதைக் கவனித்துக்கொள்வார். தன் பொறுப்பில் ஒன்று இருப்பது அவருக்கும் பிடிக்கும்.

அப்பாவும் அம்மாவும் இங்கே வந்து உங்களோடு இருக்கும் மாதங்களில், வீடு பூட்டிக் கிடக்கும்போது, சார்ஜர் வேண்டவே வேண்டாம். ஆளில்லாத வீட்டில், மின்னலும் எலியும் உள்ள ஊரில், மாதக்கணக்கில் எந்தச் சார்ஜரையும் நம்பி விடக் கூடாது. பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவியால்தான் பூட்ட வேண்டும்.

இங்கே நீங்கள் கார் வாங்கியபிறகு விடுமுறையில் ஊருக்குப் போகும்போதும் இதையே செய்யுங்கள். திறந்தவெளிப் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் ஏது? 2016 ஜூலையில் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவான நாடு இது. சூடு ஏற ஏற பேட்டரி தானாகவே வேகமாக இறங்கும்.

அப்பாவிடம் பேட்டரியின் மேல் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏஜிஎம், இஎஃப்பி, சாதாரண வகை எது என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற சார்ஜரைச் சொல்ல முடியும். தேதியும் பார்க்க வேண்டும். நான்கு வருடம் தாண்டியிருந்தால் சார்ஜருக்கு முன் புதுப் பேட்டரிதான்.