முதல் பில்லின் தேதி என்ன?

கேள்வி: வக்கீல் சார், ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வெல்டிங்கிலும் கிரைண்டிங்கிலும் உருளையான ஜாப்பை (வேலை செய்யும் துண்டை) பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் கிரிப் பிளையர் ஒன்றை இரண்டு வருடம் பாடுபட்டு வடிவமைத்தேன். தாடை முனையில் திரும்பும் பட்டை ஒன்று இருக்கும். ஒரு பக்கம் வி பள்ளம், திருப்பிப் போட்டால் தட்டை. அதற்கான டை (அச்சு) அடிக்க மனைவியின் நகையை அடகு வைத்தேன். 2024 பிப்ரவரியில் கடைகளுக்கு விற்க ஆரம்பித்தேன், யூடியூபில் வீடியோவும் போட்டேன். அந்த ஆகஸ்டில் இங்குள்ள ஒரு பெரிய கம்பெனி 200 பீஸ் வாங்கியது. பில் 1,84,000 ரூபாய். குவாலிட்டி சரியில்லை என்று வாயால் சொன்னதோடு சரி, பணம் இன்றுவரை வரவில்லை. 2025 ஜூனில் அதே பிளையரைத் தங்கள் பெயரில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஸ்டோரில் இருக்கும் என் சித்தப்பா மகன்தான் டிராயிங்கைக் கொடுத்திருப்பான். கேட்கப் போனேன். பர்சேஸ் மேனேஜர் எல்லோர் முன்னும் "இதை நீயா கண்டுபிடிச்ச?" என்று சிரித்தார். 2025 அக்டோபரில் டிசைனுக்கு விண்ணப்பித்து, இப்போது சர்டிபிகேட் கையில் இருக்கிறது. கைப்பிடியில் 'பேட்டன்ட்' என்று முத்திரையும் அடித்துவிட்டேன். அவர்கள் சரக்கை விற்றால் பேட்டன்ட் கேஸ் வரும் என்று டீலர்களுக்கு வாட்ஸ்அப்பில் எச்சரித்தும் இருக்கிறேன். கிருஷ்ணகிரி கோர்ட்டில் உடனே தடை வாங்கலாமா? திருத்திய புது மாடல் ஒன்றும் வரைந்து வைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: கேஸ் போடலாம். நிற்காது.

உங்கள் கடிதம் நான்கு பக்கம் வந்தது. மேலே இருப்பது அதன் சுருக்கம். நகை ஒரு பக்கம், மேனேஜர் சிரித்தது ஒரு பக்கம், சித்தப்பா மகன் ஒன்றரைப் பக்கம். வழக்கைத் தீர்மானிக்கப் போகிற இரண்டு தேதிகளும் போகிற போக்கில் ஆளுக்கொரு வரி. 2024 பிப்ரவரியில் முதல் விற்பனை, 2025 அக்டோபரில் விண்ணப்பம். நடுவில் இருபது மாதம் ஓடிவிட்டது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ வெளியாகிவிட்ட, அல்லது புழக்கத்துக்கு வந்துவிட்ட டிசைனைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டத்தின் 4-வது பிரிவு. வெளியிட்டது யார் என்று அது பார்ப்பதில்லை. நீங்களே விற்றிருந்தாலும் வெளியானது வெளியானதுதான்.

அப்படியானால் சர்டிபிகேட் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். கொல்கத்தா டிசைன் ஆபீசில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவருக்கு, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் உங்கள் பிளையர் தொங்கிக்கொண்டிருந்தது எப்படித் தெரியும்? அவர் தேடிய இடத்தில் அது இல்லை, நம்பர் விழுந்துவிட்டது. ஆனால் எதிரி தேடுவார். நீங்கள் பெருமையோடு லிங்க் அனுப்பிய அந்த வீடியோவையே முதலில் எடுப்பார். நானும் பார்த்தேன். பட்டை திரும்புவதை நெருக்கத்தில் காட்டி, விலை சொல்லி, போன் நம்பரும் கொடுத்திருக்கிறீர்கள். கீழே யூடியூப் தானே போட்ட தேதி இருக்கிறது. உங்களுக்கு எதிரான முதல் ஆவணம் அதுதான்.

நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காட்டியதை அவர் துரோகம் செய்து வெளியிட்டால் அது வெளியீடாகாது என்று 16-வது பிரிவு இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கு மட்டும் ரகசியமாகக் காட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். ஆறு மாதம் முன்பே கடைகளுக்கு விற்றுவிட்டீர்களே, அப்புறம் என்ன ரகசியம்? சித்தப்பா மகன் டிராயிங்கைக் கொடுத்தானா இல்லையா என்பதும் இதனால்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. கடையில் ஒரு பீஸ் வாங்கிப் பிரித்தால் டிராயிங் எதற்கு? குடும்பத்துக்குள் அந்தச் சண்டையை வளர்க்காதீர்கள். நாளைக்கு அவன் வேலையை விட்டு வந்தால் உங்களுக்குச் சாட்சியாகவும் ஆகலாம்.

இன்னொரு கோணலும் இருக்கிறது. டிசைன் சட்டம் காப்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டும்தான். வேலை செய்யும் விதமோ வெறும் இயந்திர அமைப்போ டிசைன் ஆகாது என்று 2-வது பிரிவின் வரையறையே ஒதுக்கிவிடுகிறது. நீங்களோ கடிதம் முழுக்க வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். வி பள்ளம் ராடைத் தானே நடுவுக்குக் கொண்டுவரும், நழுவாது, ஒரு பட்டையிலேயே இரண்டு வேலை. இதெல்லாம் பேட்டன்ட்டில் சேர வேண்டிய பேச்சு. பேட்டன்ட்டுக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. இனி விண்ணப்பித்தாலும் இத்தனை மாத விற்பனை குறுக்கே படுத்திருக்கும். சோதனைக்காகப் பயன்படுத்தியது வேறு, கடை கடையாக விற்றது வேறு.

மேனேஜர் சிரித்தது தப்புதான். ஆனால் அவர் கேட்ட அதே கேள்வியை எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்காமல் கேட்பார். என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கிரிப் பிளையர் கிடக்கிறது, ஸ்கூட்டருக்காக வாங்கியது. பின்முனைத் திருகைத் திருகினால் வாயின் அகலம் மாறும். கைப்பிடியை அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்ன இணைப்புத் துண்டு நிமிர்ந்துகொண்டே வரும். மூன்று அச்சும் ஒரே கோட்டுக்கு வந்து, அதை ஒரு நூல் தாண்டியதும் 'டக்'. அப்புறம் கையை எடுத்துவிடலாம். விடுவிக்கும் நெம்பை அமுக்கும்வரை அது வாயைத் திறக்காது. இந்த வித்தைக்கு வில்லியம் பீட்டர்சன் 1924-லேயே அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கிவிட்டார். டென்மார்க்கிலிருந்து போய் நெப்ராஸ்காவின் டிவிட் என்ற சிற்றூரில் உலைக்களம் வைத்திருந்த கொல்லர் அவர். நூறு வருடத்தில் அது ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. தாடை முனையில் அசையும் பட்டை வைத்த சி-கிளாம்ப் வகைகளும் கடைகளில் ரொம்ப நாளாகக் கிடைக்கின்றன. உங்களுடையது என்று மிஞ்சுவது, பட்டையின் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் தட்டை என்பதுதான். புத்திசாலித்தனமான வேலை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டறையில் கை தேர்ந்த எந்த ஆளும் செய்யக்கூடிய திருத்தம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

அப்படித் தள்ளிய தீர்ப்பு ஒன்று பேட்டன்ட் வழக்கு நடத்தும் எல்லோருக்கும் மனப்பாடம். அதுவும் ஜாப்பைப் பிடிக்கிற கருவி பற்றியதுதான். மிர்சாப்பூர் பித்தளைப் பாத்திரத் தொழிலில், லேத்தில் கடையும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு ஒரு கம்பெனி 1951-ஆம் ஆண்டிலிருந்து செல்லும்படி பேட்டன்ட் வாங்கியது. வேறொருவர் அதே முறையைப் பயன்படுத்துகிறார் என்று வழக்குப் போட்டது. விஷயம் உச்ச நீதிமன்றம்வரை போனது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கு என்பார்கள். 1978 டிசம்பரில் வந்த தீர்ப்பில், அது வெறும் பட்டறைத் திருத்தம், கண்டுபிடிப்பு இல்லை என்று சொல்லி பேட்டன்ட்டையே ரத்து செய்தார்கள். வழக்குப் போட்டவருக்கு நஷ்டஈடும் இல்லை, கையில் இருந்ததும் போயிற்று.

உங்களுக்கும் நடக்கப் போவது ஏறக்குறைய இதுதான். மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் வழக்குப் போடுவீர்கள். டிசைனே செல்லாது என்று எதிரி பதிலுரையில் எழுப்புவார். எழுப்பியதும் 22-வது பிரிவின்படி வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டுவிடும். கிருஷ்ணகிரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தவர் வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். அவர்கள் தனியாக 19-வது பிரிவில் கொல்கத்தாவில் ரத்து மனுவும் போடுவார்கள். இத்தனைக்குப் பிறகு ஜெயித்தால் கிடைப்பது என்ன? நஷ்டத்தை நிரூபிக்காமல் கேட்கக்கூடிய தொகை ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய், ஒரு டிசைனுக்கு எவ்வளவு மீறினாலும் மொத்தம் 50,000. அதற்கு மேல் வேண்டுமென்றால் கணக்குப் புத்தகத்தோடு நிரூபிக்க வேண்டும்.

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். தர்மபுரி பக்கத்துக்காரர், புளியில் கொட்டை எடுக்கும் கைக்கருவி செய்தவர். உங்களைப் போலவே சர்டிபிகேட்டை லேமினேட் செய்து கொண்டுவந்தார். எப்போது விற்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். பதிவுக்கு அப்புறம்தான் என்றார். நம்பினேன், அது என் தப்பு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ரோஸ் கலர் கார்பன் காப்பி ஒன்றை நீட்டினார். என் கட்சிக்காரரின் பில் புத்தகத்துத் தாள். பென்னாகரத்துக் கடை ஒன்றுக்கு ஆறு பீஸ், விண்ணப்பத்துக்கு ஏழு மாதம் முந்தைய தேதி, அடியில் அவருடைய கையெழுத்து. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அன்றோடு அந்த வழக்கு முடிந்தது, மற்றதெல்லாம் சடங்கு.

அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து அவர் கேட்டதுதான் எனக்கு இன்னும் பயம். "புத்தகத்தைக் கிழிச்சுட்டா என்ன சார்?" இந்த யோசனை உங்களுக்கும் வரும், எல்லோருக்கும் வருகிறது. உங்கள் விற்பனை ஜிஎஸ்டி கணக்கில் ஏறியிருக்கிறது, கடைக்காரர்களிடம் பில் இருக்கிறது, வீடியோவை நீக்கினாலும் யாராவது இறக்கி வைத்திருப்பார்கள். பொய்ச் சாட்சியத்துக்கு ஏழு ஆண்டுவரை சிறை. சிவில் வழக்கில் தோற்றால் பணம்தான் போகும். தேதியை மாற்றப் போனால் நீங்களே போவீர்கள்.

இன்னும் உங்கள் கண்ணுக்குப் படாத ஒன்று, அந்த 'பேட்டன்ட்' முத்திரை. டிசைன் பதிவு வேறு, பேட்டன்ட் வேறு. இல்லாத பேட்டன்ட்டை இருப்பதாகப் பொருளில் அடித்து விற்பது பேட்டன்ட் சட்டத்தின் 120-வது பிரிவில் வரும். 2023-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்கு ஆயிரம் கூடுதல். டீலர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் மிரட்டலுக்கு 106-வது பிரிவு இருக்கிறது. ஆதாரமில்லாமல் பேட்டன்ட் கேஸ் என்று பயமுறுத்தினால், பாதிக்கப்பட்டவர் உங்கள் மேல் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். நீங்கள் வாதியாகப் போக நினைக்கிற இடத்தில் அவர்கள் உங்களைப் பிரதிவாதியாக நிறுத்த இரண்டு கதவுகளை நீங்களே திறந்து வைத்திருக்கிறீர்கள். அந்த எழுத்தை இந்த வாரமே டையிலிருந்து தேய்த்து எடுங்கள். முத்திரை அடித்த ஸ்டாக்கையும் அப்படியே விற்காதீர்கள். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போக வேண்டாம், இது அவர்கள் வேலை இல்லை.

சரி, உங்கள் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கடிதத்தில் புலம்பலோடு புலம்பலாக எழுதிவிட்டுப் போன அந்த 1,84,000. நான்கு பக்கத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். சரக்கு அனுப்புவதற்கு முன்பே உங்களுக்கு உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்திருந்தால், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்திருக்க வேண்டும். வராததற்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. குவாலிட்டி சரியில்லை என்பதை வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லவில்லை என்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்கிகளை விசாரிக்கும் எம்.எஸ்.எம்.இ. கவுன்சிலில் உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து, அதை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் முக்கால் பங்குத் தொகையை முதலில் கட்ட வேண்டும். பெரிய கம்பெனிகளுக்குப் பிடிக்காத இடம் இது. பதிவு பிறகுதான் வாங்கினீர்கள் என்றால் இந்தச் சலுகை கிடைப்பது சந்தேகம். கிடைக்காவிட்டால் சாதாரண பண வழக்குத்தான், அதற்கும் மூன்று வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். எம்.எஸ்.எம்.இ. நோட்டீஸை முதலில் அனுப்புவோம், டிசைன் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர்கள் பேச வருவார்கள். அசலும் ஓரளவு வட்டியும் கேளுங்கள். அந்தப் பட்டையை ஜாப் ஒர்க்காக உங்கள் பட்டறைக்கே தரச் சொல்லுங்கள். உங்களிடம் டை இருக்கிறது, அவர்களுக்கும் அது லாபம்தான். பதிலுக்கு நீங்கள் டிசைன் வழக்கு போடுவதில்லை, அவர்கள் முத்திரை விவகாரத்தையும் வாட்ஸ்அப்பையும் கிளறுவதில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். மேனேஜர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைக்காதீர்கள். அந்த ஒரு வரிக்காக முறிந்த பேச்சுவார்த்தைகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புது மாடலை இதுவரை யாருக்காவது காட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. காட்டவில்லை என்றால் இனியும் காட்டாதீர்கள். சித்தப்பா மகனுக்கும் சரி, யூடியூபுக்கும் சரி. வேலை செய்யும் விதத்தில் புதுமை இருக்கிறது என்றால் தற்காலிக விவரத்தோடு பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, முழு விவரம் தர 12 மாதம் எடுத்துக்கொள்ளலாம். தோற்றம் மட்டும் புதிது என்றால் டிசைன் போதும், தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். எதுவானாலும் ஏற்கெனவே உலகத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகு.

வரும்போது உத்யம் சான்றிதழ், அந்தக் கம்பெனியின் பர்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், அவர்கள் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். 2024-ஆம் வருடத்துப் பில் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். அசல் வேண்டும், ஒரு தாளும் குறையாமல்.