மூட்டு வாத மாத்திரை எதிர்ப்பு சக்தியை அழித்துவிடுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. நான்கு வருடமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் போதவில்லை என்று டாக்டர் டோஃபாசிடினிப் மாத்திரை எழுதியிருக்கிறார். 'எதிர்ப்பு செல்களின் சிக்னலைத் தடுக்கும்' என்றார். அப்படியென்றால் எதிர்ப்பு சக்தியே போய்விடுமா?

பதில்: அடியோடு போகாது, குறையும். எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் தெளிந்துவிடும்.

உங்கள் மூட்டுச் சவ்வில் கூடியிருக்கும் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூகின்-6 அதில் ஒன்று. இது எந்தச் செல்லுக்குள்ளும் நுழைவதில்லை; வெளியே நிற்கும் ஏற்பியில் ஒட்டுவதோடு சரி. ஒட்டியதும் ஏற்பிகள் ஒன்றை ஒன்று நெருங்கும். அவற்றின் உள்முனையில் இருக்கும் 'ஜாக்' நொதிகள் விழித்துக்கொண்டு ஏற்பியில் பாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூறை ஒட்டும். அங்கே வந்து சேரும் 'ஸ்டாட்' புரதங்களுக்கும் பாஸ்பேட் கிடைக்கும். அவை ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய், வீக்கத்துக்கான மரபணுக்களை இயக்கிவிடும். கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றி மேலே அனுப்புவது போலத்தான், எல்லாம் நிமிடக் கணக்கில். உங்கள் ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி (வீக்கமோ தொற்றோ இருந்தால் கூடும் புரதம்) ஏறுவதும் இதே செய்தி கல்லீரலுக்குப் போவதால்தான்.

மாத்திரை ஜாக் நொதிக்குள், பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி மூலக்கூறு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. செல் சாவதில்லை, செய்திதான் நடுவழியில் நிற்கிறது. மருந்து ரத்தத்தில் சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் சாதாரண 5 மி.கி. மாத்திரையை தினமும் இரண்டு வேளை தருகிறோம்.

சிக்கல் எங்கே என்றால், ஜாக் நொதிகள் மொத்தமே 4 வகை. பல செய்திகள் அவற்றையே நம்பியிருக்கின்றன. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானுக்கும் அதே வழிதான். அதனால் அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது. சிவப்பணு உற்பத்திக்கான உத்தரவும் ஜாக்-2 வழியாகவே போகிறது. ஹீமோகுளோபினை அவ்வப்போது பார்ப்பது அதற்காக. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி, புற்றுநோய் அபாயம் பற்றி 2021-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடுமையாக எச்சரித்தது. புகைப்பழக்கமோ இதய நோயோ முன்பு ரத்தக்கட்டியோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

காசநோய்ப் பரிசோதனை முடியாமல் முதல் மாத்திரையைப் போட வேண்டாம். நம் ஊரில் இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அக்கித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் மட்டும் கூடாது. அப்புறம், காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காமல், அன்றே டாக்டரிடம் போங்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது உள்ளே தொற்று இருந்தாலும் சிஆர்பி பெரிதாக ஏறாமல் இருக்கலாம்.