கென்யாவின் நைரோபி தேசியப் பூங்கா இவ்வளவு சிறியது. அதில் வரிக்குதிரை, சிங்கமெல்லாம் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

பரப்பு 117 சதுர கிலோமீட்டர்தான். மூன்று பக்கமும் வேலி, ஆனால் தெற்கே ம்பகதி ஆறுதான் எல்லை. விலங்குகள் கடந்து போகலாம். மழை தொடங்கியதும் வரிக்குதிரைகள் குட்டைப் புல்லைத் தேடி தெற்கே உள்ள அதி-காபிட்டி சமவெளிக்குப் போகும். வறண்ட காலத்தில் பூங்காவின் சிறு அணைகளில் தண்ணீர் இருப்பதால் திரும்பிவிடும், சிங்கங்களுக்கும் இரை கிடைக்கும். தெற்கே நிலம் துண்டாகி வீடும் வேலியும் பெருகுவதுதான் பெரிய கவலை. அந்த வழி அடைபட்டால் பூங்கா வெறும் அடைப்பாகிவிடும்.

பார்க்கப் போவதானால் ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்லது. மழைக்குப் பின் புல் உயர்ந்து சிங்கத்தை மறைத்துவிடும். விசில் முள் அகாசியா என்ற முள்மரத்தையும் நின்று கவனியுங்கள். முள்ளின் அடி உருண்டையாக வீங்கியிருக்கும், அதில் எறும்பு போட்ட ஓட்டை. காற்று அடித்தால் சீழ்க்கை கேட்கும். ஒட்டகச்சிவிங்கி கிளையில் வாய் வைத்ததும் எறும்புகள் திரண்டு வந்து கடிக்கும். காண்டாமிருகம் உண்டு, காட்டு யானை இங்கே கிடையாது.